ஏறும் ஏணியும் இறங்கும் ஏணியும்

நமது போடிநாயக்கனூரில் ஒரு வேடிக்கை உண்டு. மலையிலிருந்து மூட்டை மூட்டையாக இறங்கி வரும் காய்க்கும் ஏலம் என்று பெயர். அதைப் பலர் கூடிய இடத்தில் விலை கூறி விற்பதற்கும் ஏலம் என்றே பெயர். ஆகவே இந்த ஊரில் ஏலத்தை ஏலம் விடுகிறார்கள். வெளியூரிலிருந்து வருகிறவர் சற்று விழிப்பார். உள்ளூர்க்காரருக்கு ஒரு சந்தேகமும் எழுவதில்லை. ஒரே சொல் இரண்டு பொருளைச் சுமப்பது அவருக்குப் பிறந்தது முதல் பழக்கம்.

ஆனால் இப்படி இரண்டு பொருள் சுமக்கும் இன்னொரு சொல் இருக்கிறது என்பதை, இருபது வருஷத்துக்கு மேலாகப் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொடுத்தும், நாம் போதிய அளவு கவனிக்கவில்லை. அதை நமக்கு எடுத்துக் காட்டியவள் நம்மிடம் படித்த ஒரு பெண்.

எதிர்வீட்டு ஏலக்காய் வியாபாரியின் மகள் அவள். வைத்தியப் படிப்புக்காகக் கிர்கிஸ்தான் தேசத்தின் தலைநகரான பிஷ்கேக்குக்குப் போயிருக்கிறாள். தமிழ்நாட்டிலிருந்து இப்படி மத்திய ஆசியாவுக்குப் படிக்கப் போகும் பிள்ளைகள் இப்பொழுது அநேகர். விடுமுறையில் ஊருக்கு வந்திருந்தவள், ஒரு நாள் மாலை தன் வீட்டுத் திண்ணையில் நம்மை நிறுத்தி ஒரு கேள்வி கேட்டாள்.

"சார், குடியரசு என்றால் ஜனாதிபதி பெயருக்குத்தான் பெரியவர், அதிகாரமெல்லாம் பிரதம மந்திரியிடம் என்று பத்தாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்தீர்கள். நானும் அப்படியே எழுதி மார்க்கு வாங்கினேன். அங்கே போய்ப் பார்த்தால் எல்லாம் தலைகீழாக இருக்கிறதே!"

நாம் வாயைத் திறப்பதற்குள், முறத்தில் ஏலக்காயைத் தரம் பிரித்துக்கொண்டிருந்த அவளுடைய தாயார் குறுக்கிட்டார்.

"அது கிடக்கட்டும் அண்ணே. போன 2024-ஆம் வருஷம் மே மாதத்தில் அந்த ஊரில் கலகக் கூட்டம் வெளிநாட்டுப் பிள்ளைகளின் விடுதிகளில் புகுந்து அடித்ததே, அன்று ராத்திரி முழுவதும் இவள் அறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு உள்ளே இருந்தாள். நான் இங்கே போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மறுபடி அப்படி ஒன்று வந்தால் யாரிடம் போய்ச் சொல்வது? அந்த ஊரில் யார் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும்?"

யார் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும்! அரசியல் நூல்கள் ஆயிரம் பக்கங்களில் ஆராயும் விஷயத்தை அந்த அம்மாள் முறத்திலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டுவிட்டார். மகளுக்கு நாம் சொல்லிக்கொடுத்த விடை நம் தேசத்துக்கு மட்டும் பொருந்துவது; அதை உலகத்துக்கெல்லாம் பொருந்துவது போலச் சொல்லிவிட்டோம். அந்தப் பிழையைத் திருத்திக்கொள்வதற்காகவே இந்த வாரம் இந்தப் பத்தியை எழுதுகிறோம்.

குரங்கணிப் பக்கத்து மலைச் சரிவுகளில் மிளகு பறிப்பதைப் பார்த்தவர்களுக்கு ஒற்றை மூங்கில் ஏணி தெரியும். ஒருவன் ஏணியில் ஏறுவான். இன்னொருவன் அடியைப் பிடித்துக்கொள்வான். ஏறியவன் இறங்குவதற்கும் அதே ஏணிதான் வேண்டும். ராஜ்யங்களின் ஆசனங்களும் இப்படித்தான். எந்த ஆசனத்தைப் பார்த்தாலும் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். இவர் ஏறுவதற்கு ஏணி வைத்தவர்கள் யார்? இறங்க வேண்டிய சமயத்தில் ஏணியைக் கொண்டு வரக்கூடியவர்கள் யார்? ஜனாதிபதி என்றோ பிரதம மந்திரி என்றோ பட்டத்தின் பெயரை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம்.

முதலில் நம் வீட்டைப் பார்ப்போம். நம் அரசியல் சட்டத்தின் 53-ஆவது ஷரத்து, மத்திய சர்க்காரின் நிர்வாக அதிகாரம் முழுவதும் ஜனாதிபதியிடம் இருக்கிறது என்கிறது. அத்துடன் புத்தகத்தை மூடிவிட்டால் அவரைச் சக்கரவர்த்தி என்றே எண்ணுவோம். இன்னும் சில ஏடுகள் தள்ளினால் 74-ஆவது ஷரத்து வருகிறது. மந்திரி சபை அவருக்கு ஆலோசனை கூறும் என்கிறது. 1976-இல் வந்த 42-ஆவது திருத்தம், அந்த ஆலோசனைப்படியே அவர் நடக்க வேண்டும் என்று ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லிவிட்டது. 1978-இல் வந்த 44-ஆவது திருத்தம், ஒரு தடவை மட்டும் "மறுபடி யோசியுங்கள்" என்று திருப்பி அனுப்பும் உரிமையை அவருக்கு அளித்தது.

பார்லிமெண்டின் மசோதாக்கள் விஷயத்திலும் ஏறக்குறைய இதே மாதிரிதான். 2006-இல் ஜனாதிபதி அப்துல் கலாம், ஆதாயம் தரும் பதவிகள் பற்றிய மசோதாவை மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பினார். பார்லிமெண்டு அதை மறுபடி நிறைவேற்றி அனுப்பியது. கலாம் கையெழுத்திட்டார். ஒரு தடவை யோசிக்கச் சொல்லலாம். அதற்கு மேல் தடுக்க முடியாது.

அதிகாரத்தை உண்மையில் செலுத்துகிற பிரதம மந்திரியை இறக்கும் ஏணியோ லோக சபையில் எப்பொழுதும் சாத்தியே வைத்திருக்கிறது. 1999 ஏப்ரல் மாதம் 17-ந் தேதி வாஜ்பாய் மந்திரி சபை 269-க்கு 270 என்ற கணக்கில், ஒரே ஒரு வோட்டில் தோற்றது. ஒரு துப்பாக்கி வெடிக்கவில்லை. ஒரு கண்ணாடி உடையவில்லை. ஒரு வோட்டு போதுமானதாயிருந்தது.

இனிமேல் மற்ற வகையைப் பார்க்கலாம். அதற்கு மத்திய ஆசியா வரை உடனே போக வேண்டியதில்லை. அப்துல் கலாம் பிறந்த இராமேசுவரத்திலிருந்து தனுஷ்கோடி மணல் முனைக்குப் போய் நின்றால் எதிர்க்கரையில் இருப்பது இலங்கை. 1964-ஆம் வருஷப் புயல் வந்து தனுஷ்கோடியை அழிக்கும் வரையில், ரயிலிலிருந்து இறங்கிக் கப்பல் ஏறித் தலைமன்னாருக்குப் போய்க்கொண்டிருந்தார்கள் நம்மவர்கள். நம்மைப் போலவே ஆங்கில மாதிரிப் பார்லிமெண்டுடன் தொடங்கி, பிறகு வேறு பாதையில் திரும்பிய தேசம் அது. ஆகையால் இரு முறைகளையும் ஒரே வீட்டில் பார்க்கலாம்.

1948 பிப்ரவரி 4-ந் தேதி இலங்கை சுதந்திரம் பெற்றது. 1972 மே 22-ந் தேதி குடியரசாயிற்று. அப்பொழுது வந்த ஜனாதிபதி வில்லியம் கோபல்லாவ நம் ஜனாதிபதியைப் போன்றவர்தாம்; அதிகாரம் பிரதம மந்திரி ஸ்ரீமதி சிரிமாவோ பண்டாரநாயகாவிடம் இருந்தது. 1977 தேர்தலில் ஜே. ஆர். ஜயவர்த்தனாவின் கட்சி 168 ஸ்தானங்களில் 140 ஸ்தானங்களைப் பிடித்தது. உடனே சட்டத்தைத் திருத்தினார்கள். 1978 பிப்ரவரி 4-ந் தேதி, ஜனங்களிடம் தனியாக வோட்டுக் கேளாமலே, பிரதம மந்திரியாயிருந்த ஜயவர்த்தனா அதிகாரமுள்ள முதல் ஜனாதிபதியானார். அதே வருஷம் செப்டம்பரில் புதிய அரசியல் சட்டம் அமுலுக்கு வந்தது.

பெயர் மாறவில்லை, 1972-லும் ஜனாதிபதி, 1978-லும் ஜனாதிபதி. பொருள் அடியோடு மாறிவிட்டது. ராஜ்யத்தின் தலைவர், சர்க்காரின் தலைவர், சேனைகளின் தலைவர் எல்லாம் ஒருவரே. மந்திரிகளை நியமிப்பவர் அவர். மந்திரி சபைக்குத் தலைமை வகிப்பவர் அவர். பொதுத் தேர்தல் நடந்து ஒரு வருஷம் கழிந்தால் பார்லிமெண்டைக் கலைக்கலாம் என்று அந்த 1978-ஆம் வருஷச் சட்டம் விதித்தது. பதவியில் இருக்கும் வரையில் அவர்மீது வழக்குத் தொடர முடியாது என்றும் அப்பொழுது விதித்தது. தேசம் முழுவதையும் ஒரே தொகுதியாகக் கொண்டு ஜனங்கள் நேரே அவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஏறும் ஏணி இதுதான்.

இறங்கும் ஏணி? சட்டத்தில் இருக்கிறது. ஆனால் அதன் படிகளை எண்ணிப் பாருங்கள். பார்லிமெண்டு அங்கத்தினரில் மூன்றில் இரண்டு பங்கினர் கையெழுத்திட்டுக் குற்றச்சாட்டைக் கொடுக்க வேண்டும். அல்லது பாதிப்பேர் கையெழுத்திட்டு, விசாரணைக்கு உரியதுதான் என்று சபாநாயகர் திருப்தியடைய வேண்டும். பிறகு மூன்றில் இரண்டு பங்கு வோட்டு. பிறகு சுப்ரீம் கோர்ட்டில் விசாரணை. கோர்ட்டு குற்றத்தைக் கண்டால், திரும்பவும் மூன்றில் இரண்டு பங்கு வோட்டு. 1991-இல் ஜனாதிபதி பிரேமதாசாவின்மீது இந்த முயற்சியைச் செய்து பார்த்தார்கள். ஜனாதிபதி பார்லிமெண்டின் கூட்டத்தை ஒத்திவைத்தார். பின்னர், செல்லத்தக்க கையெழுத்துக்கள் போதவில்லை என்று சபாநாயகர் கைவிட்டுவிட்டார். யாரை இறக்கவேண்டுமோ அவரே ஏணி இருக்கும் அறையைப் பூட்டக் கூடுமானால், அந்த ஏணி எதற்கு உதவும்?

இந்த முறையை ஆதரிக்கிறவர்களின் வாதத்தையும் சொல்லிவிடுவதுதான் நியாயம். தேசம் முழுவதும் ஒரே தொகுதி ஆகையால், சிறுபான்மையோரின் வோட்டையும் அபேட்சகர் தேடிப் போக வேண்டியிருக்கிறது என்கிறார்கள். அதில் உண்மை உண்டு. 2015-இல் மைத்திரிபால சிறிசேனா வெற்றி பெற்றதற்குத் தமிழர், முஸ்லிம்களின் வோட்டு பெருங்காரணம். தேயிலைத் தோட்டத் தமிழரின் பிரஜா உரிமையைப் பறித்த 1948-ஆம் வருஷச் சட்டத்தை இயற்றியது ஒரு தனி மனிதர் அல்ல, பார்லிமெண்டின் பெரும்பான்மைதான். அதன் பயனாக 1964-இல் சாஸ்திரியும் ஸ்ரீமதி சிரிமாவோவும் செய்த ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியா ஏற்கவேண்டும் என்று கணக்குப் பேசியது. தலைமுறைகளாய் வாழ்ந்த ஜனங்களை மூட்டைகளைப் போல் எண்ணினார்கள். பார்லிமெண்டு முறை என்றாலே தருமம் தானாக நடந்துவிடும் என்று நாமும் மார்தட்டிக்கொள்ள வேண்டாம்.

ஆயினும் ஒரு விஷயம் கவனிக்கத் தக்கது. 1994-இல் சந்திரிகா குமாரதுங்கா இந்தப் பதவியை ஒழிப்பதாக வாக்களித்தார். பின்னர் 2005-இல் மகிந்த ராஜபக்ஷ, 2015-இல் சிறிசேனா, 2024-இல் அநுர குமார திசாநாயக்காவின் கட்சி, எல்லோரும் அதையே சொன்னார்கள். கீழே நிற்கும்போது ஆசனம் மிக உயரம் என்று தோன்றுகிறது. மேலே அமர்ந்தபின் அவ்வளவு உயரமாகத் தோன்றுவதில்லை போலும்! 2024 தேர்தலும் அதே பதவிக்குத்தான் நடந்தது. நடுவே சட்டம் மட்டும் ஊஞ்சலாடியது. 2010-இல் 18-ஆவது திருத்தம், ஒருவர் இரண்டு தடவைதான் பதவி வகிக்கலாம் என்ற வரம்பை நீக்கியது. 2015-இல் 19-ஆவது திருத்தம் அதைத் திரும்பக் கொண்டுவந்து, பதவிக் காலத்தை ஆறு வருஷத்திலிருந்து ஐந்தாகக் குறைத்தது. நாலரை வருஷம் ஆகுமுன் பார்லிமெண்டைத் தம் இஷ்டத்துக்குக் கலைக்கக் கூடாது என்றும் விதித்தது. 2020-இல் 20-ஆவது திருத்தம் ஜனாதிபதியின் அதிகாரத்தை மறுபடி பெருக்கியது. 2022-இல் 21-ஆவது திருத்தம் அதில் பெரும் பங்கைக் குறைத்தது.

இந்த ஊஞ்சலாட்டம் வெறும் காகிதச் சண்டை அன்று என்பதற்கு இரண்டு சம்பவங்கள் போதும்.

2018 அக்டோபர் 26-ந் தேதி ஜனாதிபதி சிறிசேனா, பிரதம மந்திரி ரணில் விக்கிரமசிங்காவை நீக்கிவிட்டதாகச் சொல்லி, மகிந்த ராஜபக்ஷவை நியமித்தார். நவம்பர் 9-ந் தேதி பார்லிமெண்டையே கலைத்தார். சபை நிலுவையில் கூடியபோது அங்கத்தினர்மீது மிளகாய்ப் பொடி வீசப்பட்டது. ஆனால் டிசம்பர் 13-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டின் ஏழு நீதிபதிகளும் ஒருமுகமாக, கலைத்தது செல்லாது என்று தீர்ப்பளித்தார்கள். ராஜபக்ஷ ராஜீனாமா செய்தார். 16-ந் தேதி விக்கிரமசிங்கா மறுபடி பதவி ஏற்றார். நாலரை வருஷம் என்ற ஒரு வரி 2015-இல் எழுதப்பட்டிராவிட்டால், நீதிபதிகளின் கையில் என்ன இருந்திருக்கும்?

இரண்டாவது சம்பவம் உலகமே பார்த்தது. 2022-இல் தேசம் கடனைத் தீர்க்க முடியாமல் திண்டாடியது. பெட்ரோலுக்கும் சமையல் வாயுவுக்கும் ஜனங்கள் நாள் கணக்கில் வரிசையில் நின்றார்கள். ஜனாதிபதி கோத்தபய ராஜபக்ஷவின் பதவிக் காலம் முடிய இன்னும் இரண்டு வருஷத்துக்கு மேல் இருந்தது. ஜூலை 9-ந் தேதி ஜனசமுத்திரம் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்தது. 13-ந் தேதி அவர் தேசத்தை விட்டுப் போனார்; மறுநாள் ராஜீனாமாவை அனுப்பினார். சட்டத்தின் ஏணி எட்டாத ஆசனத்திலிருந்து, சுவரை இடித்து ஒருவரை இறக்க நேர்ந்தது. இதில் ஆறுதல் ஒன்று உண்டு. அதற்குப்பின் என்ன செய்வது என்பதற்குச் சட்டம் வழி வைத்திருந்தது. ஜூலை 20-ந் தேதி பார்லிமெண்டு இரகசிய வோட்டெடுத்து, 134 வோட்டுக்களால் விக்கிரமசிங்காவை மிச்சக் காலத்துக்கு ஜனாதிபதியாக்கியது. 2024 செப்டம்பரில் ஜனங்கள் வேறொருவரைத் தேர்ந்தெடுத்தார்கள். பழையவர் மறுபேச்சின்றி இறங்கினார்.

இப்பொழுது இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு நம் மாணவியின் பிஷ்கேக்குக்குப் போவோம்.

சோவியத் யூனியன் கலைந்த 1991-இல் தனி நாடாயிற்று கிர்கிஸ்தான். அண்டை நாடான தஜிகிஸ்தானில் எமோமலி ரஹ்மான் 1994-இல் ஜனாதிபதியாகி, முப்பது வருஷம் கடந்தும் அந்த ஆசனத்திலேயே இருந்தார். 2016-இல் ஜனவாக்கெடுப்பு நடத்தி அவருக்கு மட்டும் கால வரம்பையே நீக்கினார்கள். கிர்கிஸ்தானின் சரித்திரம் அதற்கு நேர்மாறு. அங்கே 2005-இல் அகாயெவ் என்ற ஜனாதிபதி கிளர்ச்சியால் ஓடினார். 2010-இல் பாகியெவ் ஓடினார். அதே வருஷம், இனி ஒருவர் கையில் எல்லாம் வேண்டாம் என்று 120 பேர் கொண்ட பார்லிமெண்டுக்கு அதிக அதிகாரம் கொடுத்து ஒரு சட்டம் செய்தார்கள். 2020 அக்டோபரில் நடந்த பார்லிமெண்டுத் தேர்தலில் மோசடி என்று ஜனங்கள் தெருவுக்கு வந்தார்கள். மூன்றாவது ஜனாதிபதி ஜீன்பெகோவும் ராஜீனாமா செய்தார். அந்த அமளியில் சிறையிலிருந்து விடுவிக்கப்பட்ட சதிர் ஜபரோவ், சில நாட்களுக்குள் பிரதம மந்திரியாகி, தற்கால ஜனாதிபதியுமாகி, 2021 ஜனவரித் தேர்தலில் ஜனாதிபதியாகவே வந்தார்.

2021 ஏப்ரல் 11-ந் தேதி ஜனவாக்கெடுப்பில் நிறைவேறிய அரசியல் சட்டம் ஊஞ்சலை மறுபக்கம் தள்ளியது. ஜனாதிபதியை ஜனங்களே ஐந்து வருஷத்துக்குத் தேர்ந்தெடுப்பார்கள். இரண்டு தடவைக்கு மேல் இல்லை. நிர்வாகத்தின் தலைவர் அவரே. ஜோகொர்கு கெனேஷ் என்ற பார்லிமெண்டை 90 பேராகக் குறைத்தார்கள். மந்திரி சபைக்குத் தலைவர் ஒருவரை, பார்லிமெண்டின் சம்மதத்துடன் ஜனாதிபதி நியமிக்கிறார். அந்தத் தலைவரே ஜனாதிபதியின் காரியாலயத்துக்கும் தலைவர். நம் பெண் பார்த்துத் திகைத்தது இதைத்தான். நம் பிரதம மந்திரியைப் போல் தோன்றுகிற அந்த மனிதர், உண்மையில் எஜமானரின் காரியஸ்தர். 2024 டிசம்பரில் அந்தத் தலைவரை ஜனாதிபதி நீக்கி வேறொருவரை வைத்தார். நம் ஊரில் லோக சபை 270 வோட்டுச் சேர்த்துச் செய்த காரியம் அங்கே ஒரு கையெழுத்தில் முடிந்தது.

இதிலிருந்து, ஜனாதிபதி ஆட்சி முறையே கெட்டது என்று முடிவு கட்டலாகாது. அமெரிக்காவும் ஜனாதிபதி ஆளும் குடியரசுதான். ஆனால் அங்கே அவர் காங்கிரஸைக் கலைக்க முடியாது. பணப்பையின் சுருக்குக் கயிறு காங்கிரஸின் கையில் இருக்கிறது. 1974-இல் நிக்ஸன், குற்ற விசாரணை வரும் என்று கண்டு தாமே இறங்கிப் போனார். ஆசனம் உயரமாயிருப்பது ஆபத்தில்லை. பக்கத்தில் யாருடைய கையில் ஏணி இருக்கிறது, அந்தக் கை அவருக்கு அஞ்சாமல் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. நீதிபதியை நியமிப்பதும், தேர்தலை நடத்துகிறவரை நியமிப்பதும், அவர்களை நீக்குவதும் எல்லாம் ஒரே கையில் போய்ச் சேருமானால், சட்டப் புத்தகத்தில் எத்தனை ஏணிகள் எழுதியிருந்தாலும் அவை படத்தில் வரைந்த ஏணிகளே.

இது அயலாருக்குச் சொல்லும் உபதேசம் என்று வாசகர்கள் நினைக்க வேண்டாம். இந்தப் போடியிலேயே பாளையமும் ஜமீனும் இருந்தன. ஜமீன் முறையை ஒழிக்கும் சட்டம் சென்னை ராஜ்யத்தில் 1948-இல் தான் வந்தது. அதற்கு முன் மலையடிவாரத்துக் குடியானவன் ஒருவன், "ஐயா, இறங்குங்கள்" என்று சொல்வதற்கு எந்தச் சபைக்குப் போயிருப்பான்? அந்த நிலைமை மாறி இன்னும் நூறு வருஷம் ஆகவில்லை. மேலே இருப்பவரிடம் சலாம் போட்டுக் காரியம் சாதிக்கும் பழக்கம் நம் முதுகெலும்பிலிருந்து முற்றும் போய்விட்டது என்று நாம் சத்தியம் செய்யத் தயாராயில்லை. "ஒருவர் கையில் எல்லாம் கொடுத்துவிட்டால் காரியம் விரைவாக நடக்கும்" என்ற பேச்சு நம் டீக்கடைகளிலும் காதில் விழுகிறது. விரைவாக நடக்கும், வாஸ்தவம். போடிமெட்டுக்கு ஏறும் ஜீப்பும் விரைவாகத்தான் போகிறது. ஆனாலும் தோட்ட வேலைக்காக விடியற்காலையில் அதில் ஏறும் பெண்கள் முதலில் பார்ப்பது பிரேக் பிடிக்கிறதா என்பதைத்தான்.

மறுநாள் மாலை எதிர்வீட்டுத் திண்ணைக்குப் போய், நமக்குத் தெரிந்ததைச் சொன்னோம். "அம்மா, உங்கள் பெண்ணுக்கு அங்கே வோட்டு இல்லை. ஆபத்து வந்தால் முதலில் சொல்ல வேண்டிய இடம் பிஷ்கேக்கில் உள்ள நம் இந்தியத் தூதரகம். தூதரகம் நம் சர்க்காருக்குப் பதில் சொல்ல வேண்டும். நம் சர்க்கார் லோக சபைக்குப் பதில் சொல்ல வேண்டும். லோக சபையில் இருப்பவர் உங்களிடம் வோட்டுக் கேட்க வந்தாக வேண்டும். அங்கேயோ, போலீசும் மந்திரியும் கடைசியில் ஒருவருக்குத்தான் பதில் சொல்லுகிறார்கள். அவர் நல்லவராயிருந்தால் நல்லது."

"இல்லாவிட்டால்?" என்றார் அந்த அம்மாள்.

நாம் பதில் சொல்லவில்லை. பெண்தான் சொன்னாள்: "இல்லாவிட்டால் மூன்று தடவை நடந்ததே அம்மா, அது." சொல்லிவிட்டு, தான் பெட்டியில் எடுத்து வைப்பதற்காகத் தாயார் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்த ஏலக்காயை எடுத்து முகர்ந்து பார்த்தாள்.

பள்ளிக்கூடம் திறந்ததும் பத்தாம் வகுப்புக் குறிப்பேட்டில் அந்தப் பழைய விடையை நாம் அடித்துவிட்டோம். அதற்குப் பதிலாக, ஜனாதிபதி என்ற சொல்லின் கீழே இரண்டு கேள்விகளை எழுதி வைத்திருக்கிறோம்: ஏற்றியவர் யார்? இறக்கக்கூடியவர் யார்? பரீட்சையில் இதற்கு எத்தனை மார்க்கு என்று ஒரு பையன் உடனே கேட்டான். மார்க்கு அப்புறம் வரட்டும், பதினெட்டு வயது ஆகும்போது இந்தக் கேள்வி உன்னிடமே வரும் என்று சொன்னோம்.